செல்லை உடைத்து எடுக்கும் மருந்து: பாக்டீரிய நொதிகளும் கொங்கு நாடும்

திருப்பூரில் துணியை வெளுத்த பிறகு எஞ்சி நிற்கும் பெராக்சைடைக் கொல்ல கேட்டலேஸ் ஊற்றுகிறார்கள். பின்னலாடையின் மேல் மயிர் மயிராக எழும் பஞ்சு நுனிகளை நீக்க 'பயோ வாஷ்' கொடுக்கிறார்கள். அதில் வேலை செய்வது செல்லுலேஸ். ஈரோடு, பள்ளிபாளையம் தறிகளிலிருந்து வரும் துணியின் கஞ்சியை எடுப்பது அமிலேஸ், பெரும்பாலும் பேசிலஸ் இனப் பாக்டீரியா தருவது. கொங்கு நாட்டுக்கு நொதி புதுப்பொருள் அல்ல. கேன் கேனாக வந்திறங்கி, சாயப்பட்டறைத் தொட்டியில் கலந்து, வேலை முடித்துப் போகும் பழகிய சரக்கு அது.

அதே கொங்கு நாட்டின் கோவையில் இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தைக்கு ஊசி வழியே ஏற்றப்படும் நொதியின் எடை ஒரு வேளைக்கு ஏறக்குறைய இருபது மில்லிகிராம்தான். சாயப்பட்டறை நொதியில் பாக்டீரியாவின் வேறு புரதங்கள் நூறு வகை கலந்திருந்தாலும் துணிக்கு ஒன்றும் ஆகாது. குழந்தையின் உடலுக்குள் அவற்றில் ஒன்று போனாலும் உடல் அதை எதிரியாகப் பார்க்கும். பாக்டீரியாவை வளர்ப்பது எளிது. அதன் செல்லுக்குள்ளிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, வேண்டாததை எல்லாம் விட்டுவிட்டு வருவதுதான் கடினம். மருந்தாகும் பாக்டீரிய நொதிகளைப் பற்றிய கேள்விகள் பலவும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கோவைக்கும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் இதில் என்ன பங்கு இருக்கிறது, என்ன பங்கு இருக்க முடியும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஸ்பாரஜினேஸிலிருந்து தொடங்குவோம். இத்துறையின் பெருமையும் அவலமும் அந்த ஒரு மருந்திலேயே இருக்கின்றன.

1953இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்பவர் எலிகளின் நிணநீர்ப் புற்றுக்கட்டிகளுக்குக் கினிப்பன்றியின் இரத்தநீரைச் செலுத்தினார். கட்டிகள் கரைந்தன. முயல், குதிரை ஆகியவற்றின் இரத்தநீர் அப்படிச் செய்யவில்லை. கினிப்பன்றியிடம் மட்டும் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1961இல், ஜான் புரூம் விடை தந்தார்: அஸ்பாரஜினேஸ் என்ற நொதி. அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தை அது அஸ்பார்ட்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரித்துவிடும். நம் உடலின் பெரும்பாலான செல்கள் தமக்கு வேண்டிய அஸ்பாரஜினைத் தாமே செய்துகொள்ளும். லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயின் செல்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. இரத்தத்தில் மிதந்துவரும் அஸ்பாரஜினை நம்பித்தான் அவை பெருகுகின்றன. இரத்தத்திலிருந்து அதை அகற்றினால் அந்தச் செல்கள் பட்டினியால் சாகின்றன, பிற செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான தர்க்கம் கொண்ட மருந்துகள் அதிகம் இல்லை.

கினிப்பன்றிகளைக் கொண்டு உலகத்துக்கு மருந்து செய்ய முடியாது. 1964இல் மாஷ்பர்ன், ரிஸ்டன் இருவரும் ஈ.கோலை பாக்டீரியாவின் அஸ்பாரஜினேஸும் அதே வேலையைச் செய்கிறது என்று காட்டியபோதுதான் வழி திறந்தது. மனிதக் குடலில் வாழும் சாதாரணப் பாக்டீரியா அது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், மலிவான உணவில் வளரும். அமெரிக்காவில் 1978இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் சேர்ந்து பின்பற்றிய எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையிலும் அஸ்பாரஜினேஸ் இருந்தது. குழந்தைகளின் லுக்கேமியா மரண தண்டனை என்ற நிலை மாறியதில் அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று வளர்ந்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள்.

ஈ.கோலை செல்லுக்கு இரண்டு சவ்வுகள். உள்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவே பெரிபிளாசம் எனப்படும் குறுகிய இடைவெளி உண்டு. இந்தப் பாக்டீரியா இரண்டு வகை அஸ்பாரஜினேஸ் செய்கிறது. ஒன்று செல்லின் நடுப்பகுதியில் இருப்பது. அஸ்பாரஜினைப் பற்றும் ஆற்றல் அதற்குக் குறைவு, மருந்துக்கு உதவாது. மற்றது பெரிபிளாசத்தில் இருப்பது. இரத்தத்தில் உள்ள மிகக் குறைந்த அளவு அஸ்பாரஜினைக்கூடத் தேடிப் பிடித்து உடைக்கும். மருந்து அதுதான். வேண்டிய நொதி செல்லின் வெளித்தாழ்வாரத்தில் இருக்கிறது என்பது பெரிய வசதி. செல்லை முழுதும் உடைத்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களின் விளைபொருள் அத்தனையும் கொட்டும். வெளிச்சவ்வை மட்டும் தளர்த்தினால் அவற்றில் சிறு பங்கே வெளிவரும்.

இதற்கான முறையை 1960களில் லியான் ஹெப்பலும் ஹரால்ட் நியூவும் வகுத்தார்கள். வளர்ந்த செல்களை 20 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில், ஈ.டி.டி.ஏ. சேர்த்து, சிறிது நேரம் வைக்க வேண்டும். கரைசலின் அடர்த்தியால் செல்லிலிருந்து நீர் வெளியேறிச் செல் சுருங்கும். வெளிச்சவ்வைக் கட்டிப்பிடித்திருக்கும் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் ஈ.டி.டி.ஏ. கவர்ந்துகொள்ளும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் செல்களைப் படியவைத்து, பனிக்குளிர்ந்த நீரில் சட்டென்று விட வேண்டும். நீர் உள்ளே பாயும், தளர்ந்த வெளிச்சவ்வு பிளக்கும், பெரிபிளாசப் புரதங்கள் நீருக்கு வந்துவிடும், உள்செல் பெரும்பாலும் முழுதாக நிற்கும். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவரால் ஒரு காலைப் பொழுதில் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆயிரம் லிட்டர் அளவில் செய்யும்போதுதான் சிரமம். அவ்வளவு நீரைப் பனிக்குளிரில் வைத்திருப்பதும், அவ்வளவு செல்லை வேகமாகப் பிரிப்பதும் பெரிய பொறியியல் வேலைகள்.

நொதி வெளியே வந்ததும் மருந்தாகிவிடாது. அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படிவாக்குவது, உப்பை நீக்குவது, மின்னூட்டத்தின்படி பிரிக்கும் குரோமட்டோகிராபி, அளவின்படி பிரிக்கும் குரோமட்டோகிராபி, நுண்வடிகட்டல் என்று படிகள் தொடரும். ஒவ்வொரு படியிலும் 80 விழுக்காடு தேறினாலும் ஐந்து படி முடிவில் கையில் நிற்பது மூன்றில் ஒரு பங்குதான். படிகளைக் குறைத்தால் லாபம் கூடும், தூய்மை குறையும். மலிவு மருந்து தயாரிப்பவர் கை வைக்கத் துணியும் இடமும் இதுதான்.

ஈ.கோலையின் வெளிச்சவ்வே ஒரு நஞ்சு என்பதும் சேர்ந்துகொள்கிறது. எண்டோடாக்சின் எனப்படும் அந்தக் கொழுப்புச்சர்க்கரைப் பொருள் இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், இரத்த அழுத்த வீழ்ச்சி, சில வேளை உயிரிழப்பு. பெரிபிளாசத்திலிருந்து எடுப்பதற்காக வெளிச்சவ்வைத் தளர்த்தும்போதே அதுவும் உடன் வந்துவிடுகிறது. சாதாரண வெப்பத்தில் அழியாது. கண்ணாடிக் குப்பிகளை 250 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டால்தான் அவற்றின் மேலுள்ளது போகும், நொதிக்கு அந்த வழியும் இல்லை. ஊசி மருந்துகளில் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு 5 எண்டோடாக்சின் அலகுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி.

இவ்வளவும் சரியாக நடக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை உலகம் கண்டுவிட்டது. 2017இல் பிரேசில் அரசு மலிவாக ஒரு அஸ்பாரஜினேஸை இறக்குமதி செய்தது. கம்பினாஸ் நகரில் உள்ள போல்திரினி குழந்தைகள் மையத்தார் அதைச் சோதித்தபோது, பழைய மருந்தில் காணாத பாக்டீரியப் புரதங்கள் அதில் நிறையக் கலந்திருந்தன. 2021இல் கொல்கத்தா டாடா மருத்துவ மையத்தின் ஆய்வாளர்கள் இந்தியச் சந்தையில் உள்ள ஜெனரிக் அஸ்பாரஜினேஸ்களைச் சோதித்து, அவற்றின் தரம் திருப்திகரமாக இல்லை என்று வெளியிட்டார்கள். 2023 ஜனவரியில் லண்டனைச் சேர்ந்த புலனாய்வு இதழியல் அமைப்பு ஒன்று, தரக்குறைவான அஸ்பாரஜினேஸ் 90க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருப்பதாகவும், அதனால் ஏறக்குறைய 70,000 குழந்தைகள் ஆபத்தில் இருப்பதாகவும் எழுதியது. அவற்றில் இந்தியத் தயாரிப்புகளும் உண்டு.

இந்த மருந்தில் ஒரு கொடுமை என்னவென்றால், தரம் குறைந்த குப்பியைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. வெள்ளைப் பொடி, தெளிவாகக் கரையும், ஒவ்வாமை அறிகுறிகூட இல்லாமல் போகலாம். குழந்தையின் உடல் ஓசையின்றி எதிர்ப்பொருள் செய்து நொதியை முடக்கிவிடும், அல்லது குப்பியிலேயே செயல்திறன் இருக்காது. ஊசி போட்டாகிவிட்டது, குறிப்பேட்டில் எழுதியாகிவிட்டது, மருந்து மட்டும் வேலை செய்திருக்காது. சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பும்போது அதற்கான காரணத்தை யாரும் தேடிப் போவதில்லை. இதைத் தடுக்க இருப்பது ஒரே வழி: ஊசி போட்ட பின் குறித்த நாளில் குழந்தையின் இரத்தத்தை எடுத்து நொதியின் செயல்திறனை அளப்பது. லிட்டருக்கு 100 அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட எல்லை.

அந்த அளவீடு அப்படி ஒன்றும் எட்டாத தொழில்நுட்பம் அல்ல. அஸ்பார்ட்டிக் அமில ஹைட்ராக்ஸமேட் என்ற பொருளை நொதியிடம் கொடுத்தால் ஹைட்ராக்சிலமின் பிரியும். அது 8-ஹைட்ராக்சிகுயினோலினுடன் சேர்ந்து ஒரு பச்சை நிறச் சாயமாகும். 710 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறத்தின் அடர்த்தியை அளந்தால் நொதியின் அளவு தெரியும். தட்டு வாசிப்பு இயந்திரம் ஒன்றும், கவனமான ஒரு ஆய்வாளரும் போதும். இதைப் பற்றி இறுதியில் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அஸ்பாரஜினேஸ் வெளித்தாழ்வாரத்தில் கிடைப்பதுபோல் எல்லா நொதியும் கிடைக்காது. செல்லின் நடுவே இருப்பதை எடுக்கச் செல்லை முழுதும் உடைத்தாக வேண்டும். அதற்கு மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. லைசோசைம் என்ற நொதி பாக்டீரியாவின் சுவரை அறுத்துவிடும். 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தது அது. வணிக அளவில் அது கிடைப்பது கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து. வெள்ளைக்கருவின் புரதத்தில் நூற்றுக்கு மூன்றரை பங்கு அதுதான். நாமக்கல் மாவட்டம் முட்டைக்குப் பேர்போனது, ஈரோட்டுப் பக்கம் முட்டைப்பொடி ஏற்றுமதித் தொழிலும் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவை லைசோசைமாகப் பார்க்கும் தொழில் ஒன்று இப்பகுதியில் வளர இடமுண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வகங்களில் ஒலியலையால் உடைப்பார்கள். பனிக்கட்டியில் வைத்து விட்டு விட்டு ஒலியூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் நொதி கெட்டுவிடும். தொழிற்சாலைகளில் இரண்டு முறைகள். ஒன்று மணி ஆலை: செல் கூழையும் நுண்ணிய கண்ணாடி மணிகளையும் ஒன்றாகச் சுழற்றினால், நம்மூர் வெட் கிரைண்டரில் உளுந்து மசிவதுபோல் மணிகளுக்கு இடையே செல்கள் நசுங்கி உடையும். மற்றது உயரழுத்த ஹோமோஜனைசர்: 500 முதல் 1000 பார் அழுத்தத்தில் செல் கூழை மயிரிழை இடுக்கு வழியாகப் பாய்ச்சி, திடீரென்று அழுத்தத்தை விடுவிப்பது. ஒவ்வொரு 100 பாருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய இரண்டரை பாகை ஏறும். 800 பாரில் ஒருமுறை ஓட்டினாலே 20 பாகை. அதனால் முன்னும் பின்னும் குளிரூட்டியாக வேண்டும். உயரழுத்தப் பம்பு, வால்வு, துல்லிய வார்ப்பு என்று இந்த இயந்திரத்தின் உறுப்புகளைப் பட்டியலிட்டால், கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் தலைமுறையாகச் செய்துவரும் வேலைகளின் பட்டியல் போலவே இருக்கும்.

செல் உடைந்ததும் முதலில் தெரியும் சிக்கல் கொழகொழப்பு. டி.என்.ஏ. இழைகள் வெளியே கொட்டி, கரைசல் பசைபோல் ஆகி, வடிகட்டியில் இறங்காது. டி.என்.ஏ.வைத் துண்டாக்கும் நொதியைச் சேர்த்தால்தான் இளகும். தொழில்துறையில் இதற்கு அதிகம் பயன்படுவது செராஷியா என்ற பாக்டீரியாவிலிருந்து வந்த நொதி. செராஷியாவின் இன்னொரு நொதி கொங்கு நாட்டு மருந்துக் கடைகளில் வேறு வடிவத்தில் கிடைக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

மாரடைப்பு மருந்தில் கோவைக்கு நேரடியான பெருமை உண்டு. 1933இல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்கர், சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள் இரத்தக் கட்டியைக் கரைக்கின்றன என்று கண்டார். அந்தப் பொருள்தான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். கறாராகச் சொன்னால் அது நொதி அல்ல. நம் இரத்தத்தில் தூங்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்துடன் ஒட்டிக்கொண்டு, அதை இயங்கும் நொதியாக மாற்றி, ஃபைப்ரின் வலையை வெட்டவைக்கிறது. 1986இல் இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வும், 1988இல் 17,187 பேரிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வும் மாரடைப்பில் அதன் இடத்தை நிலைநாட்டின. ஐசிஸ்-2இல் ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் ஐந்து வார இறப்பு 13.2 விழுக்காட்டிலிருந்து 8.0ஆகக் குறைந்தது.

இந்தியாவில் இதை உள்நாட்டிலேயே செய்யும் வழியைச் சண்டிகரில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிலையத்தில் கிரீஷ் சாஹ்னி தலைமையிலான குழு உருவாக்கியது. இயற்கை ஸ்ட்ரெப்டோகைனேஸ் தொழில்நுட்பம் அகமதாபாத் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. மரபணு மாற்றிய ஈ.கோலையில் செய்யும் முறை சென்னையைச் சேர்ந்த ஷாசன் நிறுவனத்துக்கு வந்தது. இறக்குமதி விலை கட்டுப்படியாகாத அரசு மருத்துவமனைகளுக்கு அது பெரிய உதவி. பாக்டீரியா வழி மருந்து செய்வதில் இந்திய அரசு ஆய்வகம் ஒன்று ஆய்வகத் தட்டிலிருந்து நோயாளியின் கை வரை வந்து சேர்ந்த அரிதான எடுத்துக்காட்டு என்று இதைச் சொல்லலாம்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, நேரம் வேண்டும். வால்பாறையிலோ சத்தியமங்கலம் மலைக் கிராமத்திலோ நெஞ்சு வலிக்கும் ஒருவர் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள கோவை மருத்துவமனைக்கு வர மணிக்கணக்காகும். கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் இதற்கு ஒரு திட்டம் வகுத்தார்கள்: அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, அங்கேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, 108 ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, அடுத்த நாளுக்குள் ஆஞ்சியோகிராம். கோவை–ஈரோடு முன்னோட்ட ஆய்வுதான் முதல் படி. 2012 முதல் தமிழ்நாட்டின் நான்கு பகுதிகளில் 2,420 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வந்தது. ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 61ஆக உயர்ந்தார்கள். ஓராண்டு இறப்பு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தது.

நூறு பேரில் மூன்று பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்றால் சின்ன எண்ணாகத் தெரியலாம். கொங்கு மாவட்டங்களில் ஓராண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்களை நினைத்துப் பாருங்கள். இந்த முறைக்கு முதுகெலும்பு, பெரிய எந்திரம் இல்லாத இடத்திலும் கொடுக்கக்கூடிய கட்டி கரைக்கும் மருந்து. இப்போது ஸ்ட்ரெப்டோகைனேஸின் இடத்தைப் பெரிதும் டெனெக்டெப்ளேஸ் பிடித்துவருகிறது. அது பாக்டீரியாவில் அல்ல, பாலூட்டிச் செல்லில் செய்யப்படுவது, ஒரே ஊசியில் முடிந்துவிடும். ஸ்ட்ரெப்டோகைனேஸை 15 லட்சம் அலகு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சொட்டாக ஏற்ற வேண்டும். பாக்டீரியப் புரதம் என்பதால் எதிர்ப்பொருள் உண்டாகிவிடும், மறுமுறை கொடுக்க இயலாது. ஆனாலும் விலை என்று பார்க்கும்போது இன்றைக்கும் அதை ஒதுக்கிவிட முடியாத இடங்கள் இருக்கின்றன.

இனி செராஷியா. உடுமலை, கோபி பக்கம் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாக்டீரியாவைப் பெயரால் தெரியாவிட்டாலும், புழு சோர்ந்து அழுகிச் சாகும் நோயாகத் தெரியும். பட்டுப்புழுவின் குடலிலிருந்து பிரித்த செராஷியா ஈ-15 என்ற வகையிலிருந்துதான் ஜப்பானின் டகேடா நிறுவனம் செராஷியோபெப்டிடேஸ் மாத்திரையைச் செய்தது. பாக்டீரியா இந்த நொதியைத் தானே வெளியே விடுகிறது. செல்லை உடைக்க வேண்டியதில்லை, தயாரிப்பு எளிது, மலிவு. பல் பிடுங்கிய பிறகும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், வலி மாத்திரையோடு சேர்த்து வீக்கம் வற்ற என்று தமிழ்நாடு முழுதும் எழுதித் தருகிறார்கள்.

கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வெளிவரப் பட்டைக் கரைக்கப் பயன்படுத்துவது இந்த நொதிதான் என்று விளம்பரங்களில் சொல்வார்கள். அது தவறு. பட்டுக்கூட்டை நனைத்துத் தளர்த்துவது பூச்சி தன் வாய்ப்பகுதிச் சுரப்பியில் தானே செய்யும் கொக்கூனேஸ். செராஷியோபெப்டிடேஸ் துத்தநாகம் தாங்கிய வேறொரு பாக்டீரிய நொதி. அதைவிட முக்கியமான சங்கதி: 2011இல் டகேடா நிறுவனமே ஜப்பானில் தன் மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வில் பயன் தெரியவில்லை என்பதே காரணம். ஏறக்குறைய 50 கிலோடால்டன் எடையுள்ள புரதம் வயிற்று அமிலத்தையும் குடலையும் கடந்து முழுதாக இரத்தத்தில் சேர்வது எளிதல்ல; உள்ளே போவது மிகக் குறைவு. பிறந்த நாட்டிலேயே கைவிட்ட மருந்தை இன்னும் எழுதித் தருவதற்கு நியாயம் எனக்குப் புரியவில்லை. அடுத்த முறை மருந்துச் சீட்டில் அதைப் பார்த்தால், இது வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

நோயறிதலுக்கு உதவும் நொதிகளைச் சுருக்கமாகத் தொட்டுவிடலாம். சர்க்கரை பார்க்கும் கீற்றுகள் பலவற்றில் இருப்பது பாக்டீரியாவின் குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ். பி.சி.ஆர். சோதனைக்கு உயிர்நாடியான டாக் பாலிமரேஸ், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் புரோக் கண்ட பாக்டீரியாவிலிருந்து வந்தது. கொரோனா காலத்தில் அந்தச் சோதனை எல்லோருக்கும் அறிமுகமானது. டாக் நொதியைச் சுத்திகரிப்பது வியப்பூட்டும் எளிமை: ஈ.கோலையில் வளர்த்து, செல்லை உடைத்து, 75 பாகையில் சூடுபடுத்தினால் ஈ.கோலையின் புரதங்கள் எல்லாம் திரிந்து படிந்துவிடும், டாக் மட்டும் கரைசலில் நிற்கும். உடலுக்குள் போகாத நொதி என்பதால் எண்டோடாக்சின் கவலையும் இல்லை. இப்பகுதியில் நொதித் தொழில் ஒன்று தொடங்க வேண்டுமானால் முதலில் கால் வைக்க ஏற்ற இடம் இதுதான் என்பது என் கருத்து.

கோவை, ஈரோடு, நாமக்கல், சத்தியமங்கலம் என்று கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் மருத்துவ நொதிகளில் ஆய்வேடு எழுதுகிறார்கள். வழக்கமான பாதை ஒன்று உண்டு. மண்ணிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோ பாக்டீரியாவைப் பிரிப்பார்கள். ஃபீனால் சிவப்பு சேர்த்த தட்டில் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பானால் அஸ்பாரஜினேஸ் இருக்கிறது. குச்சிக்கிழங்குத் திப்பி, கரும்பு மொலாசஸ், கடலைப் பிண்ணாக்கு என்று நம்மூர் மலிவுச் சரக்குகளில் வளர்த்துப் பார்ப்பார்கள். சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளின் திப்பி வீணாகாமல் பயன்படுமே என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். பிறகு அம்மோனியம் சல்பேட், டயாலிசிஸ், ஒரு குரோமட்டோகிராபி தூண், ஜெல்லில் ஒரு கோடு. ஆய்வேடு அங்கே முடியும்.

மருந்து அங்கேதான் தொடங்குகிறது. மண்ணில் புதிதாக ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பது இன்று யாருக்கும் தட்டுப்பாடான விஷயம் அல்ல. தட்டுப்பாடாக இருப்பது நூறு லிட்டர் நொதிகலன், ஹோமோஜனைசர், தூய அறையில் குரோமட்டோகிராபி, எண்டோடாக்சின் சோதனை, ஆண்டுக்கணக்கில் நிலைப்புத்தன்மை பார்க்கும் பொறுமை. குன்னூர் பாஸ்டர் நிலையம் இதற்கு நல்ல பாடம். 1907இல் தொடங்கி, நம் மலை மேலேயே பாக்டீரியா வளர்த்து முத்தடுப்பு மருந்து செய்த அந்த நிலையத்தின் உற்பத்தி உரிமம், தரமான உற்பத்தி நெறிகளுக்கு ஏற்ப இல்லை என்று 2008இல் நிறுத்தப்பட்டது. நூறாண்டு அனுபவம் இருந்தும் புதிய கட்டடமும் புதிய ஒழுங்கும் எழுப்ப வேண்டியதாயிற்று. பாக்டீரியாவிலிருந்து ஊசி மருந்து எடுக்க நினைக்கும் எவருக்கும் அதே செலவும் அதே ஒழுங்கும் காத்திருக்கின்றன. ஒரு கல்லூரி தனியாகச் சுமக்கக்கூடியது அல்ல. பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், பம்பும் வால்வும் செய்யும் தொழிலகங்கள், அரசு எல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு சுத்திகரிப்புக் கூடம் அமைத்தால்தான் ஆகும். அதற்குப் பத்தாண்டு பிடிக்கலாம்.

ஆனால் பத்தாண்டு காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு, அதற்காகவே இதை எழுதினேன். அஸ்பாரஜினேஸின் செயல்திறனை அளக்கத் தெரிந்த மாணவர்களும் ஆசிரியர்களும் கோவையில் இருக்கிறார்கள். அந்த மருந்தை ஏற்றிக்கொள்ளும் குழந்தைகள் அதே ஊரின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். தரக்கட்டுப்பாட்டோடு, அங்கீகாரத்தோடு ஓர் ஆய்வகம் இந்த அளவீட்டை எடுத்து நடத்தினால், கொங்கு மாவட்டங்களில் லுக்கேமியா சிகிச்சை பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று ஊசி போட்ட வாரத்திலேயே சொல்லிவிடலாம். வேலை செய்யாத பிராண்டை மாற்றிவிடலாம். புற்றுநோய்ப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனைகளும், உயிர்த்தொழில்நுட்பத் துறை வைத்திருக்கும் கல்லூரிகளும் இந்த ஆண்டே உட்கார்ந்து பேச வேண்டும். குழந்தைக்கு அந்த ஊசி போடப்படும் பெற்றோரும், நொதியின் அளவு பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.